வெறுந்தறி அடித்த தெரு

புதிதாக ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வேலைக்கு வந்திருக்கிற தம்பிமார்களே, கதை சொல்லச் சொல்லி என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கதை சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும், அதையும் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்ல வரும். பென்ஷன் வாங்கியும் இந்த மனுஷன் தாலுகா ஆபீஸில் நிற்கிற மாதிரியே கத்துகிறார் என்று என் வீட்டில் சொல்வார்கள். கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கத்தலுக்கும் ஒரு நாள் பலன் கிடைத்திருக்கிறது, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பட்டா மாற்றுவது, சர்வே கல் பார்ப்பது, கிஸ்தி வசூல் இதெல்லாம் ஆபீஸிலேயே உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நான் அதைத் தொடப் போவதில்லை. ஆனால் ஒரு ஊர் கஷ்டத்தில் இருக்கிறதா இல்லையா, இன்றைக்கே சொல், இப்போதே சொல் என்று மேலதிகாரி உங்கள் முன்னால் வந்து நிற்பார். அன்றைக்கு உங்களுக்கு எந்தப் புத்தகமும் கை கொடுக்காது.

முதலில் ஒரு சின்ன விஷயம். வெள்ளைக்காரன் ஆட்சியில், முப்பதுகளில், சேலம் ஜில்லாவில் அடுத்தடுத்து மழை பொய்த்த காலம். எங்கள் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டு வந்து, ‘சந்தையில் மாடுகள் ஏராளம். வியாபாரம் மும்முரம். ஜனங்கள் நல்ல நிலையில் இருக்கிறார்கள்’ என்று எழுதி வைத்தார். அடப்பாவி! வைக்கோலும் தண்ணீரும் இல்லாமல் அல்லவா ஜனங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்? உழவு மாட்டையே விற்கிறவன் அடுத்த வருஷம் எதை வைத்து உழுவான்? வாங்கினவர்கள் யார் என்றாவது பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. எல்லாம் தோல் வியாபாரிகள். அந்தக் குமாஸ்தாவுக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். பார்த்ததை அப்படியே எழுதினார், அவ்வளவுதான்.

இதே போன்ற தப்பு ஒரு தெருவையே கொல்லப் பார்த்தது. இனி அதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ராசிபுரம் பக்கம் பஞ்ச நிவாரண வேலை. நான் ஆத்தூர்ப் பக்கத்து ஆள், கலியாணம் ஆகாதவன், ஒரு சைக்கிளும் ஒரு தகரப் பெட்டியும்தான் சொத்து. நாமக்கல் போகிற ரோட்டோரம் கரட்டடியில், ஒரு பாறைக்குன்றின் அடிவாரத்தில், ஒரு முகாம் போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் கல்லை உடைத்து ஜல்லியாக்க வேண்டும், உடைத்ததற்குத் தக்கபடி கூலி, கூட வருகிற குழந்தைகளுக்குக் கஞ்சி. ஏன் கல் உடைக்கிற வேலை என்று கேட்பீர்கள். அது சர்க்காரின் சோதனை. நிஜமாகவே பசிக்கிறவன் எந்த வேலைக்கும் வருவான், வராதவனுக்குப் பசி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம், இப்படி ஒரு ஏற்பாடு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் வந்தார்கள், பண்ணை ஆட்கள் வந்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். முகாமுக்குப் பக்கத்திலேயே பட்டு நெய்கிற ஒரு நெசவுத் தெரு இருந்தது. அந்தத் தெருவிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. அது போதாதென்று, ரோட்டில் யார் போனாலும் அந்தத் தெருவில் வரிசையாகத் தறிச் சத்தம் கேட்டது. பஸ்ஸில் போகிறவர்கள்கூட, ‘நாடே காய்ந்தாலும் நெசவாளி பாடு தேவலை’ என்று பேசிக்கொண்டார்கள்.

தாசில்தார் அதை வைத்தே, நெசவுத் தெருவுக்கு நிவாரணம் தேவையில்லை என்று எழுதி முடித்துவிட்டார். டிப்டி கலெக்டர் வந்து ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தத் தெரு நிவாரணக் கணக்கிலிருந்து வெளியே போய்விடும், மறுபடி உள்ளே கொண்டுவருவது லேசில் நடக்காது. அவர் வருகிற அன்று காலையில், கார் உள்ளே போகுமளவுக்குத் தெரு அகலமா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். என் வேலை அவ்வளவுதான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் போனேன். இரண்டு பக்கமும் டக்கு டக்கு என்று தறி அடிக்கிறது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது, தண்ணீர் தாகம். யார் வீட்டிலாவது கேட்கலாம் என்று பார்த்தால், எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கிறது.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. தம்பிமார்களே, உங்களில் யாராவது பட்டு நெய்து பார்த்திருக்கிறீர்களா? பட்டு இழை மயிரை விட மெல்லிசு. கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து வெளிச்சத்தில்தான் நெய்வார்கள். மேகம் மூடினாலே தறியை விட்டு எழுந்துவிடுவார்கள். நடுப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டுக்குள் எவன் பட்டு நெய்வான்?

முன்னால் இருந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே தறி சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தாள். அவள் பெயர் பாவாயி என்று பிறகு தெரிந்துகொண்டேன். முப்பது வயசு இருக்கும், கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“ஏனுங்க சாமி?” என்றாள்.

“குடிக்கத் தண்ணி வேணும்மா.”

தண்ணீர் கேட்டவனை வெளியே நிற்க வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. “உள்ள வாங்க” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் ஐயோ என்று கையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அதற்குள் உள்ளே போய்விட்டேன்.

குழித்தறி இருந்தது. அதில் பட்டும் இல்லை, பருத்தியும் இல்லை. பாவு நூல் ஓட வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. நூலை நெருக்கி அடிக்கிற பலகைக்கு எதிரே ஒரு கட்டையைக் கட்டி வைத்திருந்தாள். பலகை அதில் மோதி மோதித்தான் வெளியே அந்த டக்கு டக்கு. தறிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பெண் குழந்தையும் ஒரு பையனும் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்கள். புது ஆள் வந்தால் எழுந்து ஓடி வருகிற வயசு. இரண்டும் எழுந்திருக்கவில்லை.

“என்னம்மா இது?” என்றேன்.

அவள் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். “மழை பேஞ்சாத்தானுங்க பண்ணையக்காரரு ஊட்டுல சோளம் வெளையும். வெளைஞ்சாத்தான் கலியாணம் வெப்பாங்க. கலியாணம் இருந்தாத்தானுங்க பட்டுச்சேலை கேப்பாங்க. போன தையிலிருந்தே ஒரு ஊட்டுக்கும் புதுசா பட்டு வரலீங்க.”

“அப்புறம் எதுக்கு வெறுந்தறியை அடிக்கிறே?”

“சேலத்து மொதலாளியோட ஆளு தெனமும் பஸ்ஸுல இந்த வழியா போறாருங்க. தறி நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா, மொதலாளி மெதுவா வந்து, பாதிக் கூலிக்கு நெய்யறியா, கால் கூலிக்கு நெய்யறியான்னு கேப்பாருங்க. பசியில நாங்களும் சரீன்னுருவோம். ஒருக்கா எறங்குன கூலி மறுபடி ஏறுமுங்களா? சத்தம் கேட்டா, வேற யாரோ பட்டு குடுக்கறாங்கன்னு நெனைச்சுக்குவாரில்லீங்க. அதுக்குத்தான் தெருவே பேசி வெச்சு அடிக்கறோமுங்க.”

பட்டினி கிடக்கிற ஜனங்கள் இருக்கிற தெம்பையெல்லாம் வெறும் பலகையை இழுத்து அடிப்பதில் செலவழிக்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு முதலாளி ஏமாந்தாரோ என்னவோ, சர்க்கார் முழுசாக ஏமாந்துவிட்டது.

நாங்கள் பஞ்சத்தை எப்படி அளந்தோம் தெரியுமா? வயலில் விளைச்சல் பதினாறு அணாவுக்கு எத்தனை அணா தேறும் என்று பார்த்து. நெசவாளிக்கு வயல் ஏது? மழை பொய்த்ததும் குடியானவன் வயிற்றில் விழுகிற அடி, கொஞ்சம் தள்ளி நெசவாளி வயிற்றிலும் விழும். வெட்டுக்கிளி தின்றால் வயலில் தெரியும், இது எதிலும் தெரியாது. எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது.

“அதெல்லாம் சரி, கரட்டடியில் கல் உடைக்க வரலாமே? குழந்தைகளுக்குக் கஞ்சியாவது கிடைக்குமே?” என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

அவள் உள் அறையைப் பார்த்து, “இங்க வாங்க” என்றாள். அவள் புருஷன் அங்கமுத்து வந்தான். வந்தவன் இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினான். தோல் காய்த்து, விரலெல்லாம் வெடித்து, வெடித்த இடம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

“நான் போனனுங்க சாமி. இங்க போனா தெருவுக்குக் கேவலம்னு, நாமக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கற முகாமுக்குப் போயி, பேரை மாத்திக் குடுத்துட்டு ஒடைச்சனுங்க. திரும்பி வந்து, தறியில இருந்த கடேசிச் சேலையை முடிச்சுரலாம்னு ஒக்காந்தா, தொட்ட எடமெல்லாம் இழை மாட்டுதுங்க. மாட்டி மாட்டி அறுந்துபோச்சு. மொதலாளி ஆளு அந்தச் சேலையைத் தூக்கி மூஞ்சியில வீசிட்டுப் போனானுங்க. அதைப் பாத்ததுக்கப்பறம் தெருவுல ஒருத்தரும் கல்லைத் தொடறதில்லீங்க. இன்னிக்குக் கஞ்சி குடிச்சுட்டா நாளைக்குக் கை வேணுமில்லீங்க?”

கல் உடைக்க வராதவனுக்குப் பசி இல்லை என்று சொன்ன அந்தச் சோதனையை எழுதியவன் மட்டும் அப்போது எதிரில் இருந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

“மத்தியானம் டிப்டி கலெக்டர் வருகிறார். நான் சொல்கிறேன்” என்று கிளம்பினேன்.

பாவாயி ஓடிவந்து வழியை மறித்துக்கொண்டாள். “சாமி, உங்க கால்ல உழுகறனுங்க. தெருவே பேசி வெச்சது. எங்க ஊட்டுல இருந்து வெளிய போச்சுன்னா எங்களைத் தெருவுல சேக்கமாட்டாங்க. தண்ணி குடுத்திருக்கறேன், நீங்களா சொல்லப்படாது.”

அந்தச் சொம்பு இன்னும் என் கையில் இருந்தது. “சொல்லமாட்டேன்மா” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான், என்ன காரியம் செய்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். சொன்னால் அந்தக் குடும்பம் கெடும். சொல்லாவிட்டால் தெருவே கெடும்.

நேரே தெருவின் பெரியதனக்காரர் வீட்டுக்குப் போனேன். தெருவில் ஒரு முடிவு எடுப்பதென்றால் அவர்தான் எடுக்க வேண்டும். வெள்ளை மீசை, காதில் கடுக்கன், உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால் ஜமீன்தார் தோற்றார். அவர் வயிற்றிலும் ஒன்றுமில்லை என்பது கழுத்து எலும்பைப் பார்த்தாலே தெரிந்தது.

“ஐயா, தெரு எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன்.

“அமோகமா இருக்குதுங்க.”

“யாருக்காவது ஏதாவது உதவி வேண்டுமா? இன்றைக்குக் கேட்டால் கிடைக்கும். நாளைக்குக் கேட்டால் கிடைக்காது.”

“தறிச் சத்தம் உங்களுக்குக் கேக்கலீங்களா?” என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

“கேட்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மனுஷன் அசையவில்லை. “சர்க்காருக்கு ஒரு சேதி தெரிஞ்சா சேலம் கடைவீதிக்குத் தெரிய எத்தனை நேரமாகுமுங்க?” என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். எங்கள் தாலுகா ஆபீஸ் ரகசியம் டீக்கடைக்குப் போய்த்தான் எங்களுக்கே திரும்பி வரும்.

சொன்ன நேரத்துக்கு டிப்டி கலெக்டர் கார் வந்தது. கண்டிப்பான மனுஷர். பொய் சொன்னால் அந்த இடத்திலேயே சீட்டைக் கிழித்துவிடுவார் என்று பெயர். தாசில்தார் கூடவே இறங்கினார். கார் சத்தம் கேட்டதும் தெருவில் தறிகள் இன்னும் பலமாக அடிக்க ஆரம்பித்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் பார்த்த அந்த ஒட்டிய கன்னத்தை நினைத்துக்கொண்டேன்.

“கேட்டீரா? தெருவே நெய்கிறது. இதற்காகவா என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தீர்?” என்று டிப்டி கலெக்டர் சிரித்தார். தாசில்தார் பேனாவை நீட்டினார். டிப்டி கலெக்டர் காகிதத்தைக் காரின் மேல் வைத்து விரித்தார்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அது தோன்றியது. நான் சொல்லக்கூடாது, சரி. ஆனால் சொல்ல வேண்டியவர்கள் கதவுக்குப் பின்னால்தானே இருக்கிறார்கள்? அவர்கள் காதில் விழுகிற மாதிரி நான் டிப்டி கலெக்டரோடு பேசினால் யார் தடுப்பது?

“சார்!” என்று என் அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

அவர் பேனாவோடு துள்ளிவிட்டார். “ஏன்யா கத்துகிறீர்? நான் என்ன செவிடா?”

“இல்லை சார். தறிச் சத்தத்தில் நான் பேசுவது கேட்காமல் போய்விடக்கூடாது என்று கத்துகிறேன்!” என்று இன்னும் உரக்கச் சொன்னேன். “சார், ஒரு சந்தேகம்! இன்றைக்குத் தாங்கள் தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளைக்கு இந்தத் தெருக் குழந்தை ஒன்று வந்து பசி என்று நின்றாலும் என்னால் ஒரு பிடி அரிசி கொடுக்க முடியாது! சரிதானே சார்?”

“ஆமாம், சரிதான். அதற்கு என்ன இப்போது?”

“நிவாரண விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது சார்! தொழிலாளிக்கு அவன் தொழிலிலேயே வேலை கொடுக்கலாம் என்று இருக்கிறது! கல் உடைக்க வேண்டியதில்லை, நூல் கொடுத்து நெய்யச் சொல்லலாம்! ஆனால் தறி ஓடுகிற வீட்டுக்குச் சர்க்கார் நூல் கொடுக்காது! தறி நின்ற வீட்டுக்குத்தான் கொடுக்கும்! அதுவும் சரிதானே சார்?”

தாசில்தார் என் கையைப் பிடித்து இழுத்தார். “உனக்கு என்ன பைத்தியமா? வேலை போய்விடும்” என்று பல்லைக் கடித்தார். போனால் போகட்டும் என்று இருந்தேன். டிப்டி கலெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெயில் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அப்போது ஒரு தறி நின்றது.

எந்த வீடு என்று எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். ஒரு மூச்சு விடுகிற நேரம் மற்றத் தறிகள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தன. பிறகு அடுத்த வீடு நின்றது. எதிர்வீடு நின்றது. அப்படியே தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே போய், கடைசியில் பெரியதனக்காரர் வீட்டுத் தறி ஒன்று மட்டும் தனியாக அடித்தது. இரண்டு அடி, மூன்று அடி. அதுவும் நின்றது.

தெருவில் அப்படி ஒரு அமைதி. டிப்டி கலெக்டர் பேனாவை மூடிவிட்டார்.

பாவாயி கதவை அகலத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை, பின்னால் அங்கமுத்து. அவள் நேரே டிப்டி கலெக்டர் முன்னால் வந்து, “உள்ள வந்து பாத்துட்டு அப்பறம் கையெழுத்துப் போடுங்க சாமி” என்றாள். கெஞ்சுகிற குரலே இல்லை. கூப்பிடுகிற குரல்.

அவர் போனார். ஒரு வீட்டில் பார்த்தார், அடுத்த வீட்டில் பார்த்தார், அதற்கடுத்த வீட்டிலும் குனிந்து பார்த்தார். வெளியே வரும்போது முகம் கறுத்திருந்தது. ஆனாலும் லேசில் விடுகிற ஆள் இல்லை. “இவ்வளவு பசியை வைத்துக்கொண்டு ஏன் முகாமுக்கு வரவில்லை?” என்று அங்கமுத்துவைக் கேட்டார்.

அங்கமுத்து பெண்டாட்டியைப் பார்த்தான். கெட்டுப்போன சேலையில் மிஞ்சிய பட்டு நூலில் ஒரு பிடி அவள் பத்திரமாக வைத்திருந்தாள். குழந்தையை இறக்கிவிட்டு அதை எடுத்து வந்து, ஒரு முனையைக் கதவு நாதாங்கியில் மாட்டி, மறுமுனையை ஒரு கையால் இழுத்துப் பிடித்தாள். முதலில் அவளே மற்றக் கையால் நீவிக் காட்டினாள். கை வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு அங்கமுத்து தன் உள்ளங்கையை வைத்து இழுத்தான். பட்டு முழுக்க அவன் விரலில் சிக்கி, சிலும்பி, பொட்டுப் பொட்டென்று அறுந்தது. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நூல் அறுவதைப் பார்க்க நெசவாளிக்குத் தாங்காது.

டிப்டி கலெக்டர் தானும் கையை நீட்டி அந்த நூலைத் தடவிப் பார்த்தார். பிறகு, “பட்டுக்கு நான் எங்கே போவேன்? சர்க்கார் எதை வாங்கும்?” என்று கேட்டார்.

அதுவரை தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்த பெரியதனக்காரர் இப்போது முன்னால் வந்தார். “பருத்தி நூல் குடுங்க, போதும். ஆசுபத்திரிக்குப் போர்வை வேண்டாமுங்களா? ஜெயில்ல இருக்கறவங்க துணி கட்ட வேண்டாமுங்களா? நாங்க நெய்ஞ்சு தாரோம். தருமத்துக்கு ஒரு பிடி சோறும் வேண்டாம், வேலை குடுங்க.”

“மேலே எழுதி அனுமதி வாங்க வேண்டும். நாளாகும்” என்றார் டிப்டி கலெக்டர்.

“அதுவரைக்கும் சார்?” என்றேன். இந்தத் தடவை மெதுவாகத்தான் கேட்டேன்.

டிப்டி கலெக்டர் என்னை முறைத்தார். தாசில்தாரின் காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “முகாமில் இருக்கிற அரிசியை இன்று சாயங்காலமே இந்தத் தெருவுக்கு வண்டியில் ஏற்றும். மேலே கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பெரியவரே, இது தருமம் இல்லை. நெய்து தரப்போகிற துணிக்கு முன்கூட்டியே கொடுக்கிறது” என்றார். அப்படிப்பட்ட அதிகாரிகளும் இருந்தார்கள், தம்பிமார்களே. அவர் காலடி மண்ணைக்கூட நான் வணங்குவேன். காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, “இனிமேல் என் காதருகில் கத்தினால் சஸ்பெண்டு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு புகை கிளம்பியதை நான் ரோட்டில் நின்று பார்த்தேன். முகாமுக்குத் திரும்பிப் போகிற வழியெல்லாம் வாய்விட்டுப் பாடிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். எனக்குப் பாட்டு வராது. வயலில் நின்ற இரண்டு ஆட்டுக்குட்டிகள் பயந்து ஓடின.

அனுமதி வந்தது, நூலும் வந்தது. பள்ளிபாளையத்துப் பக்கமிருந்து வண்டி வண்டியாக நூல் மூட்டைகள் வந்து இறங்கியபோது, பெண்கள் குலவை போட்டு எடுத்துப் போனார்கள். முரட்டுப் பருத்திக்கு வெடித்த கை தடையில்லை. அங்கமுத்து பகலில் போர்வை நெய்தான். ராத்திரியில் பாவாயி அவன் கைக்கு விளக்கெண்ணெய் தேய்த்துத் தேய்த்தே தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாள். தெருவில் கதவுகள் திறந்தே கிடந்தன.

சேலத்து முதலாளி கதையையும் கேளுங்கள், இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கால் கூலிக்கு ஆள் பிடிக்கலாம் என்று காத்திருந்தவர், சர்க்கார் நூல் வந்ததைக் கேள்விப்பட்டதும் பதறிப்போனார். எங்கே நம் நெசவாளிகள் கைவிட்டுப் போய்விடுவார்களோ என்று பட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவரே வில்வண்டியில் வந்து இறங்கினார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். பாவாயி தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “கொஞ்சம் பொறுங்க மொதலாளி, சர்க்கார் துணி தறியில இருக்குது. பழைய கூலின்னா பெரியதனக்காரரைப் பாருங்க. கொறைச்சலுன்னா வண்டியைத் திருப்பிக்குங்க” என்றாள். முதலாளி அந்த வெயிலில் மேல்துண்டால் விசிறிக்கொண்டு பெரியதனக்காரர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்த அழகை நான் பார்த்தேனே! பழைய கூலிக்கே ஒப்புக்கொண்டுதான் வண்டி ஏறினார். பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு எனக்கு மாற்றல் வந்து எங்கெங்கோ போனேன். வருஷங்கள் ஓடி, யுத்தம் முடிந்த பிறகு, ஒரு நாள் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அந்தத் தெருவின் பக்கம் வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. நல்ல பகல். ஒரு தறிகூட அடிக்கவில்லை.

யுத்த காலத்தில் நூல் கிடைக்காமல் நெசவாளிகள் பட்ட பாடு தெரிந்தவன் நான். நிறுத்து நிறுத்து என்று கண்டக்டரிடம் கத்தி இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். வரிசையாகக் கதவுகள் சாத்திக் கிடந்தன. பாவாயி வீட்டுக் கதவைத் தட்டினேன், இடித்தேன். பதில் இல்லை. என்னவோ ஆகிவிட்டது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

“யாருங்க அது? சாமிங்களா?”

தெருமுனையில் பாவாயி நின்றாள். தலை நரைத்திருந்தது, உடம்பு பூசியிருந்தது, தலை நிறையப் பூ. அவளுக்குப் பின்னாலிருந்து அப்போதுதான் மேளச் சத்தம் கிளம்பியது. கோயில் பக்கம் பந்தல் போட்டு தெருவே அங்கே கூடியிருக்கிறது. அவளுடைய மகளுக்குக் கலியாணம். அன்றைக்குத் தரையில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாளே, அந்தக் குழந்தைக்கு.

“தறிச் சத்தம்... கேட்கவில்லையே... அதனால் நான்...” என்று உளறினேன்.

பாவாயி சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “சோறு திங்கறப்ப எதுக்குங்க சாமி தறி அடிக்கோணும்? எந்திரிங்க, எலை போட்டாச்சு” என்றாள்.

பந்தலில் மணப்பெண் கட்டியிருந்தது அங்கமுத்து நெய்த பட்டு. அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். நான் தொட்டுப் பார்த்தேன். குழந்தையின் கை மாதிரி இருந்தது. அதற்குள் பாவாயி பரிமாறுகிறவனைப் பார்த்துக் கத்தினாள், என் காதருகிலேயே.

“சாமி எலையில இன்னொரு கரண்டி நெய்யி ஊத்துப்பா! நெய்யிக்குப் பேர்போன ராசிபுரத்துக்கு வந்துட்டு இத்தனூண்டு நெய்யா ஊத்தறது?”